ஒற்றைப் புள்ளி

தண்ணீர் அலுவலக வரைபடத்தில் தனியாகச் சிவந்திருந்த ஒரு புள்ளியைப் பிழையென்று நான்தான் அழித்தேன். சுற்றியுள்ள எட்டு வீடுகளும் வறண்டால்தான் மென்பொருள் ஒரு வீட்டின் வறட்சியை நம்பும், லாரி அனுப்பும். அந்தப் புள்ளி, இரட்டைக் கைக்குழந்தைகளோடு இருக்கும் எதிர்வீட்டு செண்பகவல்லி அக்கா. ‘பிழை’ என்று அவருக்குக் குறுஞ்செய்தியும் போயிருக்கிறது.

"பத்து நாளா உன் வீட்லதானே குடம் குடமா இரவல் வாங்குறேன்? நான் பிழையாடா?"

"நான் நம்புறேன்க்கா. சுத்தியிருக்கற எட்டு வீடும் வறண்டாத்தான் மென்பொருள் நம்பும்..." என்று இழுத்தேன். பொத்தானை அழுத்தும் விரலுக்கு இருக்கும் துணிச்சல் என் நாக்குக்குக் கிடையாது.

மறுநாள் என் வீடு உட்பட சுற்றியுள்ள எட்டு வீட்டுக் குழாய்களிலும் காற்றுதான் வந்தது. வரைபடம் செக்கச்செவேலென்று ஆனது. லாரி பறந்து வந்தது. காரணம் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. லாரி வரிசையில் நின்ற அக்காவிடம் கேட்டேன்.

"எட்டு வீட்டு வால்வையும் நான்தான்டா மூடினேன். போ, அதையும் அழி."