மாப்பிள்ளை ஏறும் கார்

"ஏங்க, ஒரே இடத்துல வெச்சு அழுத்தாதீங்க! பெயிண்ட் எரிஞ்சுடும்னு அந்தக் கடைக்காரரு படிச்சுப் படிச்சுச் சொன்னாரே!"

"எல்லாம் எனக்குத் தெரியும். நீ ஒயரைத் தூக்கிப் பிடி சுகுணா, மெஷின்ல சிக்கப்போவுது!"

வாடகைக்கு எடுத்த பாலிஷ் மெஷின் திருமலையின் கையில் விர்ரென்று சுற்றியது. ஸ்பாஞ்சில் பாலிஷைத் தடவி அவன் மெல்ல நகர்த்த நகர்த்த, மங்கிக் கிடந்த வெள்ளைக் கார் கண்ணைப் பறிக்க ஆரம்பித்தது. பானட்டில் சுகுணாவின் முகம் மூக்குத்தியோடு தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி அவள் கைதட்டினாள்.

நாளைக் காலையில் திருமலையின் தங்கை பிரவீனாவுக்கு ஓசூரில் கல்யாணம். இன்று சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கோயிலிலிருந்து மண்டபம் வரை மாப்பிள்ளையைக் காரில் ஊர்வலமாக அழைத்து வருவது பெண் வீட்டார் பொறுப்பு.

"உங்க பக்கம் கார் இருக்குதா, இல்ல நாங்களே கொண்டாரட்டுமா?" என்று எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னட ஊரான ஆனேக்கல்லிலிருந்து சம்பந்தி குருமூர்த்தி போனில் கேட்டாலும் கேட்டார், திருமலைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிப்காட்டில் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு பெங்களூருக்கு ஓடி, இந்தப் பழைய காரைப் பிடித்து வந்துவிட்டான். குருமூர்த்தி லேசுப்பட்ட ஆள் இல்லை. பூனை குறுக்கே போனால் ஏறிய பஸ்ஸிலிருந்தே இறங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் வாயால் ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிட்டால் போதும், பிரவீனா அந்த வீட்டில் தலை நிமிர்ந்து வாழ்வாள்.

"புரோக்கர் என்ன சொன்னான் தெரியுமா? இது நாப்பது ஸ்பீடைத் தாண்டி ஓடினதே இல்லியாம். பின் சீட்டைப் பாரு, யாருமே உக்காராத மாதிரி புத்தம் புதுசு!"

சுகுணா உள்ளே தலையை நீட்டி மோந்து பார்த்தாள். "இன்னும் ரோஜாப்பூ வாசனை அடிக்குதுங்க! கல்யாண ஊர்வலத்துக்கே விட்டிருப்பாங்களோ?"

"பின்ன? ராசியான வண்டி!"

திருமலை உற்சாகமாகக் காரின் பின்பக்கம் டிக்கிக் கதவுக்கு வந்தான். இரண்டு சுற்று தேய்த்திருப்பான்.

"ஏங்க, என்னமோ எழுத்து தெரியுது!"

குனிந்து பார்த்தான். எப்போதோ ஒட்டியிருந்த ஸ்டிக்கரை யாரோ உரித்திருக்கிறார்கள். வெயில் படாத அந்த இடம் மட்டும் அசல் வெள்ளையாக நின்று, எழுத்து எழுத்தாகத் தெரிந்தது. கன்னடம். கம்பெனியில் பாதி நாள் கன்னடத்திலேயே பேசுகிறவன் திருமலை. பேச்சு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. படிக்கச் சொன்னால் மட்டும் திருதிருவென்று முழிப்பான்.

"தேச்சா போயிடும்" என்று இன்னும் இரண்டு சுற்று ஓட்டினான். போகவில்லை. சுற்றிலும் பளபளப்பு ஏற ஏற எழுத்தும் பளிச்சென்று ஆனது.

"யாரையாவது கேட்டுப் பாக்கலாமேங்க?"

"பழைய ஓனரோட கம்பெனி பேரா இருக்கும். அதுக்கெல்லாம் ஏது நேரம்? பூக்காரரு வந்துட்டாரு பாரு!"

பானட்டிலும் கூரையிலும் பூச்சரங்கள் ஏறின. டிக்கிக் கதவை மறைக்க மட்டும் திருமலைக்கு மனசு வரவில்லை. இருப்பதிலேயே நன்றாக மின்னியது அதுதான்.

சாயங்காலம் கோயில் வாசலில் காரைக் கொண்டுபோய் நிறுத்தியபோது குருமூர்த்தி பானட்டில் முகம் பார்த்து மீசையைத் தடவிக்கொண்டார். "கண்ணாடி மாதிரி இருக்குதுப்பா!"

திருமலைக்குக் கால் தரையில் பாவவில்லை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டுப் பின்சீட்டில் உட்கார வைத்தான். குருமூர்த்தி ஊர்வலத்தின் முன்னால் போனார். நாதஸ்வரம் முழங்க, மற்ற சொந்தக்காரர்கள் பேச்சும் சிரிப்புமாக வெகுவாகப் பின்தங்கி நடந்து வர, கார் ஊர்ந்தது.

கடைவீதியில் நுழைந்ததும் ஒரு வேடிக்கை. கார் தாண்டிப் போனதும் டீக்கடையில் இருந்த இரண்டு பேர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடு போட்டார்.

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்த திருமலைக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா மாப்பிள்ளை, நம்ம காருக்கு எவ்வளவு மரியாதைன்னு!"

மாப்பிள்ளையும் வெட்கத்தோடு சிரித்தார்.

மண்டபம் கண்ணுக்குத் தெரிகிற நேரம். அப்போதுதான் காரை நெருங்கிய சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் நடுரோட்டில் நின்றுவிட்டார்கள். யாரோ கூப்பிட, குருமூர்த்தி பின்னால் போனார். போன வேகத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, டிரைவர் சீட்டுக் கண்ணாடியைத் தட்டினார்.

"ஏம்ப்பா, பின்னாடி என்ன எழுதியிருக்குதுன்னு பாத்தியா?"

"கன்னடம் பேசுவேன் மாமா, படிக்கத்தான் வராது. ஏதாச்சும் கம்பெனி பேருங்களா?"

குருமூர்த்திக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. மாலையும் கழுத்துமாக உள்ளே உட்கார்ந்திருந்த மகனை ஒரு தடவை பார்த்தார்.

"'சொர்க்க ரதம். பிணம் ஏத்திட்டுப் போக ராத்திரி பகல் எந்நேரமும் கூப்பிடவும்'னு போட்டிருக்குதுடா, பாவி!"