காது கொடுக்கும் கல்லூரி

"எந்திரிக்கக் கூடாதுங்க" என்று இரண்டாம் முறையாகச் சொல்லிவிட்டுப் போனாள் நர்ஸ். ரங்காத்தாள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள். புறங்கையில் சலைன் குழாய் ஒட்டியிருந்தது.

ஒட்டித்தான் இருந்தது. பிளாஸ்திரிக்கு அடியில் ஊசி கிடையாது.

புது மருத்துவக் கல்லூரிக்கு அனுமதி தரும் முன் இன்று ஆய்வுக்கு வருகிறார்கள். கட்டில்கள் நிறைந்திருக்க வேண்டும். முதலாளிக்குக் கல்லூரியில் பங்கு உண்டு என்பதால், காலையில் பனியன் கம்பெனி வேன் செக்கிங் பிரிவுப் பெண்களை அப்படியே ஏற்றிவந்து வார்டில் இறக்கிவிட்டது. மூன்று நாளாகக் காய்ச்சல் என்று சொன்னால் போதும். வேறு எதையாவது உளறுகிறவர்கள் நாளை முதல் வேலைக்கு வர வேண்டியதில்லை என்று சூப்பர்வைசர் பூபாலன் சொல்லியிருந்தார்.

"பன்னெண்டு வருசத்துல இன்னைக்குத்தானுங்க்கா கம்பெனி நம்மளப் படுக்க உட்டிருக்குது" என்றாள் பக்கத்துக் கட்டில் மயிலாள்.

ரங்காத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆறு மாதமாக இடது மார்பில் கொட்டைப்பாக்கு அளவுக்கு ஒரு கட்டி. வீட்டில் சொல்லவில்லை, லீவு கேட்கவும் தைரியம் இல்லை. இன்றைக்கு ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். வந்து, இல்லாத காய்ச்சலுக்குப் படுத்திருக்கிறாள்.

வாசலில் ஆய்வாளர்களிடம் சேர்மன் விளக்கிக்கொண்டிருந்தார். இங்கே பயிற்சி டாக்டர்கள் முதலில் நோயாளிக்குக் காது கொடுக்கப் பழக வேண்டும், மருந்தெல்லாம் அப்புறம்தான் என்றார்.

வெள்ளைக் கோட்டு அணிந்த பெண் ஒருத்தி வந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். டாக்டர் இந்துமதி என்று பேட்ஜில் இருந்தது. கோட்டுக் கையில் நீட்டிக்கொண்டிருந்த நூலை நகத்தால் கிள்ளிப் போட்டுவிட்டு, ரங்காத்தாளின் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னங்க்கா பண்ணுது?"

"மூணு நாளா..."

அதற்குமேல் வரவில்லை. அவளிடம் இப்படி யாரும் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. வேலை போனாலும் போகட்டும் என்று தோன்றியது.

"காய்ச்சல் இல்லீங்க டாக்டரம்மா. மார்ல ஒரு கட்டிங்க."

அப்புறம் நிற்கவில்லை. கட்டி வளர்ந்தது, இப்போது நீர் கசிவது, மகள் கல்யாணம் முடியட்டும் என்று வாய் திறக்காமல் இருந்தது என எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, ஆறு மாதத்துக்குப் பிறகு மூச்சு முழுதாக உள்ளே போனது. எதிரே இருந்தவளின் கண் கலங்கியது. மடியில் இருந்த கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

ஆய்வாளர்கள் திருப்தியோடு தலையாட்டியபடி அடுத்த வார்டுக்கு நகர்ந்தார்கள்.

"நீங்களே பாத்துச் சொல்லுங்க சாமி. நான் பொழச்சுக்குவனா?"

அந்தப் பெண் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிடித்திருந்த கையை விடாமல் குனிந்தாள்.

"அக்கா, நானு வீரபாண்டி கம்பெனியில டெய்லருங்க."