இரண்டாம் தாரம் டீ ஹோட்டல்

பலகையில் இருந்ததைப் பட்டம்மா எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

இரண்டாம் தாரம் டீ ஹோட்டல்.

தமிழில் ஒரு வரி, அதற்குக் கீழே கன்னடத்தில் ஒரு வரி. அவள் குடியிருந்த ஜோகுபாளையத்துக் குழாயடியில் பெண்கள் சொல்லிச் சிரித்தது இந்தப் பேரைத்தான்.

அவள் புருஷன் முனிரத்தினம் தை மாதம் இந்தத் தொம்மலூர் சாலையில் கடை போட்டான். இப்போது ஆடி. இதுவரை ஒரு நாளும் அவளை இங்கே வரவிட்டதில்லை. விமானத் தொழிற்சாலைக்குச் சைக்கிளில் போகிற ஆண்கள் கூடும் இடம், குடும்பப் பெண்ணுக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லிவிட்டான்.

பேரைப் பற்றிக் கேட்டதற்கும் அவனிடம் பதில் இருந்தது. அதே சாலையில் முருகன் பேரில் ஒரு கடை, பெருமாள் பேரில் ஒரு கடை. இரண்டிலும் ஈ ஓட்டுகிறார்கள். சாமி பேரைப் பார்த்தால் போகிறவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவான், சிரிப்பு வந்தால்தான் சைக்கிளை விட்டு இறங்குவான் என்றான்.

இறங்கத்தான் செய்தார்கள். ஷிஃப்ட் விட்டதும் நிற்க இடமில்லையாம். இரண்டாம் தாரத்து வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று பெண்டாட்டியிடமே சொல்லிவிட்டு வந்தார்களாம். கன்னடக்காரர்களும் அதையே 'எரடனே ஹெண்டதி' என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம்.

பக்கத்து வீட்டுக் கிளாரன்ஸும் தினம் அங்கே போனான். அவன் மட்டும் சிரிக்கவில்லை. பட்டம்மா எதிரே வந்தால் தலையைக் குனிந்துகொண்டான்.

அது ஏன் என்று யோசிக்க ஆரம்பித்த பிறகு ஒவ்வொன்றாக அவள் கண்ணில் பட்டது.

முனிரத்தினம் வீட்டில் பாதிச் சோறுதான் சாப்பிட்டான். சட்டையில் அறுந்துபோன பொத்தான் அவள் தைக்காமலே தைத்திருந்தது. யார் தைத்தது என்றாள். கடையில் ஆள் இருக்கிறது என்றான். ஆணா பெண்ணா என்று அவள் கேட்கவில்லை. கேட்டால் அவன் சொல்லிவிடுவான் என்று பயமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் காய் வாங்க மார்க்கெட் போவான். அதைப் பார்த்துத்தான் இன்று புறப்பட்டாள்.

வழியெல்லாம் அந்த இன்னொருத்தியை மனசுக்குள் ஜோடித்துக்கொண்டே வந்தாள். சின்ன வயசு. முகத்தில் பவுடர், தலை நிறையப் பூ. கொண்டையைப் பிடித்துச் சாலைக்கு இழுத்து வரவேண்டும். நாலு பேர் பார்க்கவேண்டும்.

கடையில் கூட்டமில்லை. சந்தில் நுழைந்து பின்பக்கமாக அடுப்படிக்குப் போனாள்.

ஒரு பெண் போண்டா பொரித்துக்கொண்டிருந்தாள். முன்நெற்றி நரைத்திருந்தது. முழங்கை வரை எண்ணெய் தெறித்த வடுக்கள். பட்டம்மாவைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும்.

பட்டம்மாவுக்கு மூச்சு வந்தது. சமையல்காரி. வெறும் சமையல்காரி. இதற்கா இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

அந்தப் பெண் கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"பட்டம்மாதான நீ? உக்காரு."

இவளுக்கு என் பேர் எப்படித் தெரியும்? முதலாளி பெண்டாட்டியை நீ என்று கூப்பிடுகிற சமையல்காரி எந்த ஊரில் இருக்கிறாள்?

உட்காரவில்லை. நின்றபடியே, அவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டாள்.

அவள் கோபப்படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, கோலார் தங்கவயல் என்றாள். சுரங்கத் தொழிலாளர் லைன் வீடு. அவன் சுரங்கத்தில் இறங்கிய நாளெல்லாம் தூக்குப் போசியில் சோறு கட்டிக் கொடுத்தது அவள்தானாம்.

தங்கவயல் என்றதும் பட்டம்மாவுக்கு மாமியார் ஞாபகம் வந்தது. அல்சூர் கோயிலில் அவளுக்கும் முனிரத்தினத்துக்கும் கல்யாணம் நடந்து ஆறு வருஷம். எனக்கு யாருமில்லை, தங்கவயலில் படுக்கையில் கிடக்கிற அம்மா மட்டும்தான் என்று சொல்லித்தான் பெண் கேட்டான். அந்த அம்மாவைப் பார்க்க மாதாமாதம் ரயில் ஏறிக்கொண்டிருந்தான். கடை போட்ட பிறகுதான் போவது நின்றது.

அவர் அம்மாவை உனக்குத் தெரியுமா, இப்போது எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டாள்.

ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றது. அத்தை போய்ப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது என்றாள் அந்தப் பெண். அவர்களுக்குக் கொள்ளி வைத்த கையோடு அவன் பெங்களூரில் வேலை தேடுகிறேன் என்று போனானாம். அதற்கப்புறம் மாதம் ஒருமுறை பிள்ளைகளைப் பார்க்க வருவான். பெரியவன் இப்போது அப்பா இறங்கிய அதே சுரங்கத்தில் இறங்குகிறான். கடைக்குக் கைப்பக்குவம் உள்ள ஆள் வேண்டும் என்று தை மாதம்தான் அவளை இங்கே அழைத்து வந்தான்.

அத்தை என்ற சொல்லிலேயே பட்டம்மா நின்றுவிட்டாள்.

எண்ணெய் புகைந்தது. அந்தப் பெண் குனிந்து விறகைப் பின்னுக்கு இழுத்தாள்.

பின்வாசலில் சைக்கிள் வந்து நின்றது. காய்கறி மூட்டையோடு உள்ளே வந்த முனிரத்தினம் இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றான். பிறகு மூட்டையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"யாரு வெச்ச பேரு அது?" என்று பட்டம்மா அவனைக் கேட்டாள்.

அவன் மூட்டையை அவிழ்க்கக் குனிந்தான்.

அந்தப் பெண் அவன் பக்கம் திரும்பவில்லை. டம்ளரைத் துடைத்துப் பட்டம்மாவின் கையில் கொடுத்தாள்.

"பலகையில எம்பேர எழுதறேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேணாம்னேன். உன்னுத எழுதச் சொன்னேன்."