கடைசி எண்

டேப்லெட்டில் கன்டெய்னர் நம்பரைத் தட்டிக்கொண்டே வந்த வெள்ளத்துரையின் விரல், கடைசி எண்ணுக்கு முன்னால் நின்றது.

ஒன்பது. அதையும் தட்டி, 'சேமி'யை அழுத்தினால் பச்சை எரியும். பரீட்சை பாஸ்.

முத்தையாபுரம் யூனியன் ஹாலில் மின்விசிறிகள் கடகடத்தன. நரைத்த தலைகள் ஆளுக்கொரு டேப்லெட் மேல் குனிந்திருந்தன. வரிசைகளுக்கு நடுவே விஜிலா டீச்சர் மெல்ல நடந்துகொண்டிருந்தார்.

பாஸானால் டேலி வேலை. நிழலில் உட்கார்ந்து, கப்பலில் இருந்து இறங்கும் பெட்டிகளின் நம்பரைப் பதிந்தால் போதும். இல்லாவிட்டால் பழையபடி பெட்டிகள் மேல் ஏறிக் கம்பி பூட்ட வேண்டும். அவருடைய முட்டி அதற்கு ஒத்துக்கொள்வதை நிறுத்தி வெகுகாலம் ஆயிற்று.

ஏற்கெனவே இரண்டு முறை கோட்டை விட்டவர். யூனியன் செயலாளர் செந்தூர்பாண்டி காலையில் டீக்கடையில் எல்லார் முன்னாலும் கேட்டேவிட்டான்.

"அண்ணாச்சி, ஒங்ககூட படிச்சவனெல்லாம் நெழல்ல போயி உக்காந்துட்டான். நீங்க மட்டும் ஹாலுக்குக் குடிவந்த மாதிரி இங்கனயே கெடக்கியளே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

இதே ஹாலில்தான் அவர் எழுதக் கற்றுக்கொண்டார்.

மூட்டை தூக்கிய காலம் அது. கைநாட்டு வைத்த ஆட்களை எல்லாம் யூனியன் பிடித்து உட்காரவைத்து, கையில் சிலேட்டைக் கொடுத்தது. உடம்பெல்லாம் சிமென்ட் தூசியோடு வந்து உட்காருவார்கள். மனைவி உப்பளத்திலிருந்து திரும்ப நேரமாகும் என்பதால், வெள்ளத்துரை மட்டும் மகளையும் தூக்கிக்கொண்டு வருவார்.

ஒன்பதை அவர் எப்போதும் திருப்பித்தான் போடுவார்.

மடியில் இருக்கும் பாப்பா எச்சில் தொட்டு அதை அழிப்பாள். அவருடைய விரலைப் பிடித்து, பல்பத்தோடு சேர்த்துச் சுழித்துக் காட்டுவாள். பரீட்சைக்குப் பாப்பாவை அனுப்பிவிட்டு நீ வீட்டில் படுத்துக்கொள் என்று பக்கத்தில் இருந்தவர்கள் கேலி செய்வார்கள்.

அந்தச் சின்ன விரல்களின் பிடி இன்னும் அவர் கையில் இருந்தது.

வெள்ளத்துரை ஒன்பதைத் தட்டினார். சரியாக விழுந்தது.

பாஸானவர்களுக்கு நாளை முதல் வகுப்பு கிடையாது. மற்றவர்களை எல்லாம் வாய் நிறைய அண்ணாச்சி என்று கூப்பிடும் டீச்சர், அவரிடம் மட்டும் 'அடுத்து நீங்க' என்பதோடு நிறுத்திக்கொள்வார். நாளை முதல் அதுவும் இருக்காது.

பக்கவாட்டில் பார்த்தார். யாரும் கவனிக்கவில்லை.

ஒன்பதை அழித்தார். ஆறைத் தட்டினார். 'சேமி'யை நோக்கி விரலை நகர்த்தினார்.

முதுகுக்குப் பின்னால் செருப்புச் சத்தம் நின்றது. விஜிலா குனிந்தாள். அவர் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

"அழிச்சதத் திரும்ப அடிங்க, அப்பா. எங்கூட பேசணும்னா வீட்டுக்கு வாங்க."

அவளுடைய கல்யாணத்துக்கு அவர் போகாமல் இருந்த நாளிலிருந்து, அவள் வாயில் வராத வார்த்தை.

வெள்ளத்துரை ஆறை அழித்தார். ஒன்பதைத் தேடினார்.

இத்தனை நாளில் முதல் முறையாக, அது எங்கே இருக்கிறதென்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.