இரண்டாம் பாட்டில்

இரண்டாம் பாட்டில் ஒளிர்ந்தது.

ஒளிர வேண்டியது முதல் பாட்டில்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேன் மெஷின் கடகடத்து ஓய்ந்திருந்தது. திரையில் இரண்டு வட்டங்கள். அமாவாசையும் பௌர்ணமியும் இடம் மாறி உட்கார்ந்திருந்தன.

“இன்னா வேல்விழி, தலகீழா காட்டுது?” என்றார் தசரதன் சார்.

எங்கள் டெஸ்ட் லேபின் மேனேஜர். பிறந்தது, வளர்ந்தது, வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் ஒரகடம். மற்றவர்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறும். இவருக்கு இறங்கும். இப்போது தரையைத் தொட்டிருந்தது.

இன்று சரியாக வராவிட்டால் நாளை முதல் மெஷின் வேறு குழுவுக்கு என்று காலையிலேயே சொல்லிவிட்டார். என் இரண்டு வருட வேலையை மூட்டை கட்டி மூலையில் போட வேண்டியதுதான்.

நான் ஒன்றும் வானத்தை வளைக்கப் பார்க்கவில்லை. உடம்புக்குள் தண்ணீர் ஓயாமல் ஊர்ந்துகொண்டே இருக்கிறது. நார்கள் ஒரே வாக்கில் கிடந்தால் தண்ணீரும் அந்த வாக்கிலேயே ஊரும். பழைய முறை ஸ்கேன் அதைப் பிடித்துவிடும். நார்கள் தாறுமாறாகக் கிடந்தால் மட்டும் அது கையை விரித்துவிடும்.

ஷிப்ட் விடும் நேரத்தில், கம்பெனிப் பெண்கள் தங்கும் சுங்குவார்சத்திரத்தை மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் இருக்கும். வெறும் கும்பல், திசையே கிடையாது. ஆனால் அதில் ஒவ்வொருத்தியும் தன் ரூமைப் பார்த்து நேராகத்தான் போய்க்கொண்டிருப்பாள்.

அந்த ஒவ்வொருத்தியையும் பிடிப்பதுதான் என் புது முறை. பிடித்துவிட்டால் மூளையில் இருக்கும் கட்டி உருண்டைச் செல்லா, நீளச் செல்லா என்று கத்தி வைக்காமலே ஒருநாள் சொல்லிவிடலாம். இதை நினைத்தாலே எனக்குத் தூக்கம் போய்விடும்.

அதற்குத்தான் இரண்டு பாட்டில். முதலாவதில் பொடியாக நறுக்கிய வாழைத்தண்டு, நார்கள் எல்லாத் திசையிலும் கிடக்கும். இரண்டாவதில் கெட்டி மோர், வெறும் உருண்டைத் துளிகள். பழைய முறைக்கு இரண்டும் ஒன்றுதான். என் முறைக்குத் தண்டு ஒளிர வேண்டும், மோர் இருள வேண்டும்.

நான் கத்தி பிடிக்கும் லட்சணத்துக்கு வாழைத்தண்டு தாங்காது. அதனால் ரூம்மேட் இசக்கிசெல்வியிடம் ஒப்படைத்தேன். செல்போன் கம்பெனியில் நைட் ஷிப்ட் முடித்து வந்தவள், தூங்கப் போகாமல் நறுக்கி, இரண்டு பாட்டிலையும் நிரப்பிக் கொடுத்தாள். மீந்த தண்டில் பொரியல் செய்து என் டிபன் பாக்ஸிலும் அடைத்தாள்.

மத்தியானம் அந்தப் பொரியலைத்தான் தசரதன் சார் வெட்கப்படாமல் மூன்று தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போது திரையைப் பார்த்தபடியே, பழக்க தோஷத்தில், பாக்கெட்டிலிருந்து பல் குத்தும் குச்சியை எடுத்தார். வாயருகே கொண்டுபோனார். நாக்கால் ஒரு சுற்றுத் துழாவினார். குத்துவதற்கு ஒன்றும் இல்லை. குச்சி கையிலேயே நின்றது.

வாழைத்தண்டு சாப்பிட்டுவிட்டுப் பல் குத்தாத மனிதரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. மெஷின் கைவிட்டுப் போகிற நேரத்தில் இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்பது போல சார் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தினார். நான் இசக்கியை போனில் எழுப்பி, ஸ்பீக்கரில் போட்டு, தண்டை எப்படி நறுக்கினாய் என்று கேட்டேன்.

“ஏட்டி, நாரு எடுக்காம யாராச்சும் வாழத்தண்டு நறுக்குவாவளா? ஒண்ணொண்ணா உருவிட்டுல்லா பாட்டில்ல போட்டேன்.”

கொட்டாவி விட்டுவிட்டு போனை வைத்துவிட்டாள்.

நார் இருந்தால்தானே ஒளிரும். முதல் பாட்டில் இருண்டது நியாயம். மெஷின் பொய் சொல்லவில்லை. நான் நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினேன்.

அப்படியானால் மோர் ஏன் ஒளிர்ந்தது என்று சார் கேட்டார். சுற்று பாதியில் நின்றது.

 அவரே உள்ளே போய் இரண்டாம் பாட்டிலை எடுத்து வந்து மூடியைத் திறந்தார். வெள்ளைவெளேரென்று மோர், வேறொன்றும் தெரியவில்லை. முகர்ந்து பார்த்தார். பிறகு கையிலிருந்த குச்சியை உள்ளே விட்டு மெதுவாகச் சுழற்றினார்.

வெளியே எடுத்தபோது குச்சியில் நார் சுற்றியிருந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது.

நறுக்கிய தண்டு கறுக்காமல் இருக்க இசக்கி அதை மோரில்தான் ஊறப்போட்டிருக்கிறாள். உருவிய நாரும் அதிலேயே விழுந்திருக்கிறது. நான்தான் ஒரு பாட்டில் மோர் கேட்டேனே, இருப்பதைக் கொட்டுவானேன் என்று அதையே ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

பாட்டிலைச் சுமந்துவந்த எனக்குத் தெரியவில்லை. சாருக்கும் தெரியவில்லை. இருட்டுக்குள் ஊர்ந்த தண்ணீரைக் கேட்டு மெஷின் ஒன்றுதான் சரியாகச் சொல்லியிருக்கிறது. 

தசரதன் சார் குச்சியை விளக்குக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அப்புறம் லேப் முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“நாளிக்கு மெஷினுக்கு நாரோட நறுக்கச் சொல்லு. எம் பொரியலுக்கு மட்டும் இன்னிக்கி மாதிரி.”