இடிக்கக் கூடாத சுவர்

நிலவறைச் சுவரின் ஈரச்சுண்ணாம்பில் தீட்டிய ஓவியம் உலர்ந்ததும், ஓவியன் அதில் விரிசல் கீறிப் புகைக்கரி ஏற்றினான். சுவருக்கு ஐந்நூறு வயது கூடியது.

"அக்கா கோவம் தணிஞ்சு வீட்டுக்குத் திரும்பினா அசந்துபோவா, மாமா. ஆனா, போலின்னு தெரிஞ்சா நான் கம்பி எண்ணணும். எப்ப விக்கிறீங்க?"

"விக்கிறதா?" அக்காளின் கணவர் சிரித்தார். "பழங்கால ஓவியம்னு பதிஞ்சுட்டா இந்தச் சுவத்தை யாரும் இடிக்க முடியாது, மாப்ளே. போலீசுக்கே அனுமதி கிடைக்காது."

"போலீஸ் எதுக்கு மாமா இடிக்கணும்?"

அவர் கதவை நோக்கி நடந்தார். அந்தப் பழைய வீட்டில், தான் சுண்ணாம்பு பூசிய சுவரின் செங்கற்கள் மட்டும் புதியவை என்பது ஓவியனுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இது போலின்னு உன்னைத் தவிர வேற யாருக்குத் தெரியும், மாப்ளே?" என்று கேட்டபடியே அவர் கதவை உட்புறம் தாழிட்டார்.