இரண்டு விரற்கடை

கடைசி போல்ட்டை முறுக்கி முடித்ததும் ராம்கி சார் அதற்கும் சந்தனம் வைத்தார்.

மொத்தம் எட்டு போல்ட். எட்டுக்கும் சந்தனம், குங்குமம்.

வண்டியின் கூரைமேல், குளிப்பாட்டிய எருமை மாதிரி கறுப்பாக மினுங்கிக்கொண்டு படுத்திருந்தது கேரியர். "கேரியர்னு சொல்லாதீங்க துரைராசு. ரூஃப் ரேக்" என்று காலையிலிருந்து இரண்டு முறை திருத்திவிட்டார்.

நேர்மையாகச் சொன்னால் எனக்கும் பிரமிப்புதான். அது வந்த அட்டைப்பெட்டியில் ஒரு படம். பனிமலை உச்சியில் ஒரு வண்டி, அதன் தலைமேல் கூடாரம், கூடாரத்துக்குள் இரண்டு பேர் காபி குடிக்கிறார்கள். திருவிடைமருதூர்ப் பக்கம் வண்டி ஏறுகிற உயரம் என்றால் வேகத்தடைதான். ஆனாலும் அந்தப் படத்தைக் கிழிக்க மனம் வராமல் எடுத்து வைத்திருக்கிறேன்.

என் கடை ஷட்டரை இறக்கிவிட்டுத்தான் வேலை செய்ய வேண்டும் என்பது அவர் உத்தரவு. முடிந்ததும் ஷட்டர் ஏற வேண்டும், வண்டி மெதுவாக வெளியே வர வேண்டும், கடைத்தெரு பார்க்க வேண்டும்.

பத்து மணிக்கு முக்கூட்டு ரோட்டில் அவருடைய ஆஃப்ரோடு கிளப் காத்திருக்கும். அங்கிருந்து கொள்ளிடத்து மணலுக்குப் பயணம். போன தடவை அவரைச் சாப்பாட்டு வேனுக்குப் பின்னால் வரவிட்டார்களாம். இந்தத் தடவை ரேக்கோடு பத்து மணிக்குள் போய் நின்றால் முதல் வண்டி அவருடையது. ஒரு மாதமாக அவர் சரியாகத் தூங்கவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஷட்டரை ஏற்றினேன்.

முன்பாதி கம்பீரமாக வெளியே வந்தது. டீக்கடையில் பேச்சு நின்றது.

பிறகு 'டங்'.

ரேக்கின் கொஞ்சம் எழும்பிய பின்கம்பி ஷட்டரின் மேல் சட்டத்தில் முட்டி நின்றது. விரலை வைத்துப் பார்த்தேன். இரண்டு விரற்கடை கூடுதல்.

அளந்து பார்க்கவில்லையா என்று கேட்டார். அளக்கச் சொல்லவில்லையே என்றேன்.

மூலையில் கம்ப்ரசர் இரைந்துகொண்டிருந்தது. "மொதல்ல அதை நிறுத்துங்க, யோசிக்கவே முடியல" என்றார். நிறுத்தினேன்.

ரேக்கைக் கழற்றலாம் என்றேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. பூஜை போட்டு முறுக்கிய போல்ட்டை அன்றைக்கே கழற்றுவதா?

"அப்ப பாரம் ஏத்தணும் சார். பாரம் ஏறுனா வண்டி எறங்கும்."

"பாரத்துக்கு இப்ப எங்க போறது?"

நான் எதிர்ப்பக்கம் பார்த்தேன்.

விடிகாலையிலிருந்து நாற்றுப் பறித்துவிட்டு, நடவு வயலுக்குப் போக ஷேர் ஆட்டோவுக்காக ஆறு பெண்கள் நின்றிருந்தார்கள். முழங்கால் வரைக்கும் சேறு. காலடியில் நாற்றுக்கட்டுகள்.

ராம்கி சாரும் பார்த்தார். பிறகு தன் சீட்டுகளைப் பார்த்தார்.

அந்த சீட்டுகளில் ஷோரூமில் போட்ட பிளாஸ்டிக் உறை ஒரு வருஷமாக அப்படியே இருக்கிறது. போன ஐப்பசி அடைமழையில், ஆஸ்பத்திரிக்குப் போகக் காய்ச்சலோடு ரோட்டில் நின்று ஒரு பெண் கைகாட்டியபோது, சேற்றுக்காலைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக்கூட இறக்காமல் போன வண்டி அது.

ஒன்பது ஐம்பது.

அவரே தெருவைக் கடந்து போய்க் கூப்பிட்டார்.

மூத்தவளான வள்ளியம்மை வண்டிக் கதவருகே நின்று சொன்னாள்: "சேத்துக் காலுங்க தம்பி. பைப்புல கழுவிக்கிட்டு வந்துடறோம்."

"வேணாம்மா. நேரமில்ல. அப்படியே ஏறுங்க."

ஏறினார்கள். பின்னால் மூன்று பேர். சாமான் வைக்கிற இடத்தில் இரண்டு பேர். முன் சீட்டில் ஒருத்தி, புடவையைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல். ஒவ்வொருத்தி ஏறும்போதும் ஸ்பிரிங் ஒரு முனகல் முனகியது. அத்தனை பெரிய வண்டி, பாகனுக்கு மண்டியிடுகிற யானை மாதிரி, பின்னங்காலை மடக்கித் தாழ்ந்துகொண்டே வந்தது.

நான் சட்டத்தின் அடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றேன். டீக்கடையில் டம்ளர் சத்தம்கூட இல்லை.

வண்டி நகர்ந்தது. ரேக்குக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு வெளிச்சக் கோடு, நூல் அளவுக்கு. அந்த நூல் அறுபடாமல் கடைசிக் கம்பி வரைக்கும் போய், வெட்டவெளியாக விரிந்தது.

சிலர் கைதட்டினார்கள். ராம்கி சாருக்குக் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றிம்மா, எறங்கிக்கலாம்" என்றார்.

"எறங்கறதாவது" என்றாள் வள்ளியம்மை. "முக்கூட்டத் தாண்டுனா நம்ம வயலுதான். துரைராசு, அந்த நாத்துக்கட்டெல்லாம் மேல ஏத்து. எடம் சும்மாதானே கெடக்கு."

ஏற்றினேன். சந்தனம் வைத்த கம்பிகளின்மேல் பச்சை பச்சையாக நாற்றுக்கட்டுகள். தண்ணீர் கண்ணாடி வழியாக வடிந்தது. கால் ஏக்கர் வயல் தெருவில் நிற்கிற மாதிரி இருந்தது. படத்தில் இருந்த பனிமலை இதன் பக்கத்தில் ஒன்றுமில்லை.

முன் சீட்டுக் கண்ணாடி இறங்கியது.

"சோறு வடிச்சு மூடி வச்சிருக்கேன். எனக்காகக் காத்திருக்காம சாப்பிட்டுடுங்க" என்றாள் என் மனைவி வானதி. போன ஐப்பசி மழையில் கைகாட்டி நின்றவள்.

தலையாட்டினேன்.

கிளப் காத்திருக்கும் முக்கூட்டை நோக்கி, முதல் வண்டியாகவே, அது போனது.

நான் கம்ப்ரசரை மறுபடி ஓடவிட்டேன். நாலு டயரிலும் பாதியை இறக்கியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்திருக்கும். மணலில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் முதல் பாடம் என்பார்கள்.

என் கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. வாசல் தூணில் ஒரு பழைய டயர் தொங்கும். அதில் வெள்ளைப் பெயிண்டில் ஒரே ஒரு வார்த்தை, தெருவுக்கே தெரிகிற மாதிரி எழுதி வைத்திருக்கிறேன்: காற்று.